மலையில் கேட்கும் சம்மதம்

ஏப்ரல், மே மாதங்களில் மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு வழியாக மலையேறும் வண்டிகள் எல்லாமே மலர்க் கண்காட்சிக்குப் போகிறவை அல்ல. முன்கண்ணாடியில் ‘வாலிபர் முகாம்’ என்றோ ‘மாணவர் தியானம்’ என்றோ தாள் ஒட்டிய வேன்களும் அவற்றில் உண்டு. குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் திருச்சபைகளும் துறவியர் சபைகளும் நடத்தும் இல்லங்களில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரையிலான பிள்ளைகள் மூன்று நாள், நான்கு நாள் தங்குகிறார்கள். கத்தோலிக்கர் இதைத் தியானம் என்பார்கள். சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே வட்டாரங்களில் ரிட்ரீட் என்றோ முகாம் என்றோ சொல்வது வழக்கம். இடத்துக்கு இடம் முறை மாறும். ஆனாலும் பெரும்பாலான முகாம்களில் அதிகாலை ஜெபம், வேதபாடம், குழுப் பகிர்வு, விளையாட்டு ஆகியவை உண்டு. பலவற்றில் கடைசி இரவு அர்ப்பணிப்பு வேளையாக ஒதுக்கப்படுகிறது.

அந்தக் கடைசி இரவில்தான் அறக்கேள்வி எழுகிறது. வீட்டைவிட்டுத் தள்ளியிருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளையிடம், மனம் இளகிக் கிடக்கும் நேரத்தில், வாழ்நாள் முழுமைக்குமான சம்மதத்தைக் கேட்பது சரியா?

முகாமால் விளையும் நன்மையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் ஆண்டு எப்படிப் போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும்: ரிவிஷன் டெஸ்ட், டியூஷன், ஸ்பெஷல் கிளாஸ், மார்க். ‘நீ எப்படி இருக்கிறாய்’ என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கும் பெரியவர் அபூர்வம். முகாமில் கைப்பேசியை வாங்கி வைத்துவிடுகிறார்கள். முதல் நாள் முணுமுணுத்த பிள்ளைகள் இரண்டாம் நாள் தேயிலைச் சரிவில் நடந்தபடி நெடுநேரம் பேசிக்கொள்கிறார்கள். எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து வரும் விடுதி மாணவியும் கோயம்புத்தூர் டாக்டர் வீட்டுப் பெண்ணும் ஒரே அறையில் படுத்து, ஒரே வாளியில் வெந்நீர் பிடிக்கிறார்கள். அப்பாவோடு மூன்று மாதம் பேசாத பையன் வீடு திரும்பியதும் போய்ப் பேசுகிறான். இவற்றை வெறும் மூளைச்சலவை என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது.

ஒதுங்கிப் போவதற்கென்றே மலையேறும் வழக்கமும் நீலகிரிக்குப் பழசு. 1858 ஏப்ரல் 19 முதல் மே 5 வரை தென்னிந்திய மிஷனரிகள் உதகமண்டலத்தில் கூடி மாநாடு நடத்தினார்கள். மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1899-ல் குன்னூரில் தொடங்கிய ஹெப்ரோன் பள்ளி இன்று ஊட்டியில் இயங்குகிறது.  ஆனால் அன்று மாநாட்டுக்கு வந்தவர்கள் வயது வந்தவர்கள். தாங்களாக ஏறினார்கள், வேண்டாம் என்று தோன்றினால் இறங்கவும் அவர்களால் முடிந்தது. இன்று முகாமுக்கு வரும் பிள்ளைக்குக் கைப்பேசி கையில் இல்லை, வண்டிக்காரரையும் தெரியாது, வீடு எங்கோ தொலைவில். பெரியவருக்கு ஓய்வாக இருந்த தொலைவு பிள்ளைக்குக் கட்டுப்பாடாகவும் ஆகிறது.

கடைசி இரவைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். சாப்பாடு முடிந்து எட்டரை மணிக்குக் கூடத்தில் பாட்டு தொடங்குகிறது. மூன்று நாளாகத் தூக்கம் குறைவு. ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாகப் பிள்ளைகள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சாளர் சிலுவையைப் பற்றிச் சொல்லி முடித்து அம்மாவின் கண்ணீருக்கு வருகிறார். பின்னால் கீபோர்ட் மெல்ல இழைகிறது. பாதி விளக்குகள் அணைகின்றன. ‘எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க. யாரும் யாரையும் பார்க்க வேண்டாம். தன்னை ஒப்புக்கொடுக்கிறவங்க கையை உயர்த்துங்க.’ ஒரு கை உயர்கிறது. ‘ஆமென், ஒரு தம்பி... அங்கே ஒரு தங்கச்சி...’ என்று பேச்சாளர் சொல்லிக்கொண்டே போகிறார். கண்ணை மூடியிருப்பவர்களின் காதில் அந்தக் கணக்கு விழுகிறது. சற்று நேரத்தில் கை உயர்த்தியவர்களை முன்னால் அழைக்கிறார்கள். பெயரும் வகுப்பும் எழுதித் தீர்மான அட்டையில் கையெழுத்து வாங்குகிறார்கள்.

இங்கே யாரும் பொய் சொல்லவில்லை, யாரையும் மிரட்டவும் இல்லை. பேச்சாளர் அநேகமாகத் தன் லீவைச் செலவழித்து வந்த நல்ல மனிதர். பிழை ஏற்பாட்டில் இருக்கிறது. தூக்கமின்மை, குளிர், இசை, நண்பர்களின் அழுகை எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரே திசையில் தள்ளும்போது, உயர்ந்த கை எதைச் சொல்கிறது என்று பிள்ளைக்கும் தெரியாது, பேச்சாளருக்கும் தெரியாது.

அந்த இரவில் அழுகை வராத பிள்ளை ஒன்று இருக்கும். ‘எனக்கு மட்டும் ஏன் ஒன்றுமே தோன்றவில்லை?’ என்று பயந்து அதுவும் கையை உயர்த்தும். கடவுள் முன்னிலையில் நடிப்பதுதான் முகாமில் அது கற்ற முதல் பாடமாகிவிடும். உண்மையாகவே உருகிய பிள்ளையின் கதை வேறு. மே மாத நெருப்பு ஜூலை மாத யூனிட் டெஸ்டில் தணிவது இயல்பு. ஆனால் அதற்குத் தயாராக ஒரு பெயர் இருக்கிறது: பின்மாற்றம். இயற்கையாக வடிந்த உணர்ச்சியைத் துரோகம் என்று எண்ணிக் குற்றவுணர்வோடு அடுத்த ஆண்டு மறுபடி முன்னால் போய் நிற்கும் பிள்ளைகள் உண்டு. மூன்றாவது, கையை உயர்த்தாமலே இருந்துவிட்ட பிள்ளை. அதைப் பற்றி முடிவில் பார்ப்போம்.

இந்த எச்சரிக்கை வெளியிலிருந்து வந்ததல்ல. தியானம் என்னும் பயிற்சிக்கு ஒழுங்கு வகுத்தவர்களில் முதன்மையானவர் இஞ்ஞாசியார். 1548-ல் போப்பின் ஒப்புதலோடு அச்சான அவருடைய ஆன்மிகப் பயிற்சிகள் நூலின் தொடக்கக் குறிப்புகளிலேயே இது இருக்கிறது. பயிற்சி பெறுபவர் ஆறுதலும் உற்சாகமும் பொங்கும் நிலையில் இருந்தால், அவசரப்பட்டு வாக்குறுதியோ நேர்ச்சையோ செய்துவிடாதபடி வழிநடத்துபவர் தடுக்க வேண்டும் என்கிறார். ஒரு பக்கம் சாய்ந்து அவரை இழுக்கவும் கூடாது, தராசு முள்போல நடுவில் நிற்க வேண்டும் என்கிறார். இத்தனைக்கும் அது ஏறத்தாழ முப்பது நாள் நீளும் பயிற்சி, பெரும்பாலும் வயது வந்தவர்களுக்கானது. சீர்திருத்தச் சபைகளின் பக்கத்திலும் இதே குரல் கேட்டது. அமெரிக்காவில் சார்லஸ் ஃபின்னியின் எழுப்புதல் கூட்டங்களில் மனம் கலங்கியவர்களை முன்வரிசைப் பெஞ்சில் உட்காரவைக்கும் முறை பரவியபோது, ஜான் நெவின் என்ற இறையியலாளர் 1843-ல் அதை எதிர்த்து ஒரு நூலே எழுதினார். பெஞ்சுக்கு நடந்து வருவதையும் கடவுளிடம் வருவதையும் மக்கள் ஒன்றாக எண்ணிவிடுவார்கள் என்பது அவருடைய கவலை.

தமிழ்ப் பிள்ளைகளிடம் இத்தகைய எழுப்புதல் எப்படி நடந்தது என்பதற்கு யாழ்ப்பாணம் சாட்சி. 1824-ல் அமெரிக்க மிஷன் விடுதிப் பள்ளிகளில் எழுப்புதல் பரவியது. பிள்ளைகள் அழுது ஜெபித்ததை மிஷனரிகள் நம்பிக்கையோடு பதிவுசெய்தார்கள். அந்த மிஷன் 1823-ல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி பெரிய அறிவாளிகளை உருவாக்கியது. ஆனால் எதிர்பார்த்த அளவுக்குத் திருச்சபை ஊழியர்களை உருவாக்கவில்லை என்பதும் ஒரு காரணமாக 1855-ல் அது மூடப்பட்டது. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து அங்கே படித்த சி.வை. தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் சைவரானார், பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிப்பதில் வாழ்நாளைச் செலவிட்டார். செமினரி அவருக்குக் கொடுத்த கல்வி கடைசிவரை நின்றது, நம்பிக்கை நிற்கவில்லை. இளமையில் எடுக்கும் சமய முடிவு மாறக்கூடும் என்பதை மிஷன்களின் சொந்த வரலாறே காட்டுகிறது. மாறினால் அதைக் குற்றமாகக் கொள்ளாதபடி கேட்பதே கேட்பவரின் பொறுப்பு.

சம்மதம் யாருடையது என்பது அடுத்த சிக்கல். அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற கல்வி நிறுவனத்தில் படிப்பவரை அவருடைய சம்மதமின்றிச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்கச் செய்யக் கூடாது, வயது வராதவரானால் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 28(3)ஆம் பிரிவு. மறைக்கல்வி கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு, நன்னெறிக் கல்வி மற்றவர்களுக்கு என்று கத்தோலிக்கப் பள்ளிகள் பிரித்து நடத்துவது இந்த எல்லையை மதிக்கும் வழக்கம்தான். முகாமுக்குப் போகுமுன் அப்பாவோ அம்மாவோ ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். சட்டம் அதோடு திருப்தியடைந்துவிடலாம். ஆனால் அந்தக் கையெழுத்து பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் கொடுத்த அனுமதி. பிள்ளையின் மனச்சாட்சியைப் பெற்றோர் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட முடியாது. 1989-ல் உருவாகி 1992-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை பெற்றோரின் வழிகாட்டும் உரிமையை மதிக்கிறது. கூடவே, பிள்ளை வளர வளர அதன் சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் இடம் விரிய வேண்டும் என்கிறது.

பிள்ளைக்கு மனச்சாட்சி உண்டு என்பதை இந்தியா ஒரு மறுப்பின் வழியாகவே தெளிவாகக் கண்டது. 1985-ல் கேரளப் பள்ளி ஒன்றில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த உடன்பிறப்புகள் மூவர் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளி அவர்களை வெளியேற்றியது. அவர்களில் இளையவள் அப்போது ஐந்தாம் வகுப்பு. 1986-ல் உச்ச நீதிமன்றம் மூவரையும் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. அன்று கிறிஸ்தவப் பிள்ளைகளின் ‘மாட்டேன்’ என்ற உரிமையைக் காத்த அதே நியாயம் கிறிஸ்தவ முகாமிலும் செல்லுபடியாக வேண்டும்.

வேறு மதத்தவருக்கும் மதமில்லாதவருக்கும் இதே அளவுகோல்தான். பொதுத்தேர்வுக்கு முன் பெற்றோருக்குப் பாதபூஜை செய்யவைத்துக் கூடம் முழுவதையும் அழவைக்கும் தன்னம்பிக்கைக் கூட்டங்கள் தமிழ்நாட்டில் நடக்கின்றன. 2024-ல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் ஒரு பேச்சாளர் முற்பிறவிப் பாவத்தைப் பற்றிப் பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து அதைத் தட்டிக் கேட்டார். அன்று அந்த ஆசிரியரைப் பாராட்டியவர்கள் தம் சபையின் முகாமிலும் அப்படி ஒருவர் எழுந்து கேட்க இடம் வைத்திருக்கிறார்களா?

குழுப் பகிர்வு இன்னொரு கவனம் கோருகிறது. இரண்டாம் நாள் இரவுக்குள் பிள்ளைகள் மனம் திறந்துவிடுகிறார்கள். அப்பாவின் குடி, கையில் பிளேடால் கீறிக்கொண்டது, உறவினர் ஒருவரின் தொல்லை எல்லாம் வெளியே வருகின்றன. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் வெளியில் சொல்ல முடியாது. எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து பேசியதற்கு அப்படி ஒரு பூட்டு கிடையாது. மறுநாளே அது ‘சாட்சி’யாக மேடையேறிவிடுவதும் உண்டு. பாலியல் தொல்லை பற்றித் தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்வது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி எவருக்கும் கடமை. ‘ஜெபத்தில் வைப்போம்’ என்று முடித்துவிடுவது சட்டமீறல் மட்டுமில்லை, நம்பிச் சொன்ன பிள்ளையைக் கைவிடுவதும் ஆகும். மனத்தைத் திறக்கவைக்கத் தெரிந்தவர்கள், திறந்தபின் என்ன செய்வது என்பதையும் தெரிந்துகொண்டுதான் மலையேற வேண்டும்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பதினேழு வயதில் டாக்டரா இன்ஜினியரா என்று முடிவெடுக்கச் சொல்கிறோம், நீட் எழுதச் சொல்கிறோம். கடவுளைப் பற்றி முடிவெடுக்க மட்டும் வயது போதாதா? முகாம் கேட்காவிட்டால் இன்ஸ்டாகிராமும் சினிமாவும் கேட்காமலா இருக்கின்றன? பிள்ளையைத் தனியே விடுவது நடுநிலை ஆகிவிடுமா?

ஆகாது. ஆகவே முகாமே வேண்டாம் என்ற முடிவுக்கு வரத் தேவையில்லை. கேள்வியைக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் எந்தக் கல்லூரியும் பாட்டுக்கு நடுவே, விளக்கணைத்து, நண்பர்கள் முன்னால் அட்மிஷன் படிவத்தில் கையெழுத்து வாங்குவதில்லை. வாங்கினால் நாமே போய்ச் சண்டை போடுவோம். கல்லூரிக்குக் காட்டும் கண்டிப்பைக் கடவுளின் பெயரால் தளர்த்துவதற்குக் காரணம் இல்லை. இன்ஸ்டாகிராம் அவசரப்படுத்துகிறது என்பதும் நாம் அவசரப்படுத்துவதற்கு நியாயமாகாது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பெரிய கேள்விகளை முதல் நாளே கேட்டுவிட்டுக் கடைசி இரவைத் தூக்கத்துக்கு விடலாம். தீர்மான அட்டையைக் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போய் ஒரு மாதம் கழித்து, வேண்டுமானால் நிரப்பு என்று சொல்லலாம். முகாமுக்கு வர விருப்பமா என்று பெற்றோரோடு பிள்ளையையும் தனியாகக் கேட்கலாம். வயது வராதவர்களின் சாட்சியை மேடையில் ஏற்றாமலும் வீடியோ எடுக்காமலும் இருக்கலாம். ‘முழுநேர ஊழியத்துக்கு அழைப்பு’ என்ற பேச்சைப் பள்ளிப் படிப்பு முடியும்வரை தள்ளிவைக்கலாம். உண்மையான அழைப்பாக இருந்தால் அது இரண்டு ஆண்டு காத்திருக்கும்.

மீதமிருப்பவள் அந்த மூன்றாவது பிள்ளை. அவள் சலுகைக் கட்டணத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் எஸ்டேட் தொழிலாளியின் மகளாக இருக்கலாம். முகாமை நடத்துகிறவரே அவளுக்கு வார்டனாகவும் இருக்கலாம். சோறு போடுகிறவர் கேட்கும்போது ‘வேண்டாம்’ என்பதற்கு ஒரு விலை உண்டு என்பதை அவள் யாரும் சொல்லாமலே அறிவாள். அந்த விலையை இல்லாமல் ஆக்குவது முகாம் நடத்துகிறவர்களின் வேலை. கேட்பதற்கு முன்பே அதைச் செய்திருக்க வேண்டும். ஒரு முகாம் நேர்மையாக நடந்ததா என்று அறியக் கை உயர்த்தியவர்களை எண்ண வேண்டாம். கை உயர்த்தாத அந்தப் பெண்ணின் விடுதி இடமும் கட்டணச் சலுகையும் வார்டனின் முகமும் ஜூன் மாதத்தில் எப்படி இருக்கின்றன என்று பார்த்தால் போதும். அவை மாறாமல் இருந்தால், அன்றிரவு மற்றவர்கள் கொடுத்த சம்மதத்துக்கும் மதிப்பு உண்டு.