கேட்டு நடுதல்

என் அப்பா தேயிலைச் செடிகளை வெட்டிச் சீராக்கும் கவ்வாத்துக்காரர். தெமோதரைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் கவ்வாத்துத் தொடங்கும் நாளன்று, மலையோரத்தில் ஒரு கல்லுக்குக் குங்குமம் வைத்து, வெற்றிலை பாக்கு பரப்பி, தேங்காய் உடைப்பார்கள். கவ்வாத்துசாமியைக் கும்பிடாமல் யாரும் கத்தியைத் தொட மாட்டார்கள். "செடிகிட்டக் கேட்டுட்டுத்தான் வெட்டணும்டா" என்பார் அப்பா. நடுவதற்கு முன் யாரைக் கேட்பது என்று அவரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

1980களின் நடுவில் நான் இளம் ஆசிரியன். ஊற்றுத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே மானாப்புல் மட்டும் நின்ற சரிவுக்கு மாணவர்களைக் கூட்டிப்போய் யூக்கலிப்டஸ் கன்றுகள் நட்டேன். கன்றுகள் இலவசமாக வந்தன. பிள்ளைகள் தேவாரம் பாடித்தான் மண் தள்ளினார்கள். மரம் நடுவது புண்ணியம், அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

மரங்கள் நன்றாகவே வளர்ந்தன. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் பீலித் தண்ணீர் மணிக்கட்டுக் கனத்திலிருந்து விரல் கனத்துக்கு மெலிந்தது. கச்சான் காற்று அடிக்கும் ஆடி, ஆவணியில் சொட்டுத்தான். பீலியடியில் பெண்கள் சம்பலுக்குப் பறிக்கும் வல்லாரை காணாமலே போயிற்று. "மாஸ்டர், நீங்க நட்ட மரம் தண்ணியக் குடிக்குது" என்றார் ஓர் அக்கா, இடுப்பில் குடத்தோடு. அவர் குரலில் கோபம்கூட இல்லை.

மரம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அதே காலத்தில் மேலே மழைநீர்க் கான்கள் தூர்ந்தன. நெருப்புப் பிடித்துப் பிடித்து மண் இறுகியது. மலை ஒரே உடம்பு. 2014 இறுதியில் உமா ஓயாத் திட்டத்துக்குத் தோண்டிய சுரங்கத்துக்குள் நீர் பீறிட்டபோது பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றினவே! பீலியில் ஓடுவது பெரும்பாலும் மண் சேர்த்து வைத்த பழைய மழை. வரவு குறைந்தாலும் செலவு கூடினாலும் அந்தக் கையிருப்பு சில வருடம் தாங்கும். அதனால் பிழை செய்தவனுக்குப் பிழை தெரிவதில்லை. தெரியவரும்போது கன்று மரமாகிவிட்டிருக்கும்.

இங்கேதான் என் சைவம் என்னைக் கேள்வி கேட்டது. நல்லெண்ணத்தோடு செய்துவிட்டால் அது நல்வினையாகிவிடுமா? பதுளைக்குப் போகும் ரயில் தெமோதரை நிலையத்தை விட்டு இறங்கி, மலையைச் சுற்றிவந்து, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழையும். செய்த வினை செய்தவனையே வந்து சேரும் என்பதற்கு வகுப்பில் அதைத்தான் உதாரணம் காட்டுவேன். என் வினை சுற்றிவந்து சேர்ந்தது அந்த அக்காவின் இடுப்பில். என் விடுதியில் குழாய் இருந்தது. பலனில் ஆசை வைக்காதே என்று படித்ததை, பலனைத் திரும்பியே பார்க்காதே என்று நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். அது பக்தி என்றும் நம்பினேன்.

நான் நட்ட அதே பத்தாண்டில், இதே ஊவா மாகாணத்தில், மிராஹாவத்தைக்கு அருகே பெல்லிபொலவில் சூழலியலாளர் ரணில் சேனாநாயக்க வேறு விதமாக நட்டுக்கொண்டிருந்தார். அந்த இடத்து இயற்கைக் காடு எத்தனை அடுக்காக நிற்கிறது, எந்த அடுக்கு என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்பது. பிறகு அந்த வேலையைச் செய்யக்கூடிய மரம், செடி, கொடிகளை, மனிதருக்குப் பயன்படுபவற்றையும் சேர்த்து வைப்பது. அனலொக் ஃபொரஸ்ட்ரி என்று வெளிநாடுகளிலும் இன்று அதைப் பின்பற்றுகிறார்கள். சிங்கராஜக் காட்டோரத்தில் பேராசிரியர்கள் நிமல், சாவித்திரி குணதிலக தம்பதியர் அங்கே நடப்பட்டிருந்த பைன் மரங்களை ஒரேயடியாக வெட்டித் தள்ளவில்லை. இடையிடையே வரிசைகளை நீக்கி, மிச்ச பைன் நிழலிலேயே உள்ளூர்க் காட்டு மரங்களை வளர்த்தெடுத்தார்கள். இதை அறிந்தபின்தான், எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும் என்ற என் ஆத்திரம் அடங்கியது. வெட்டுவதற்கும் கேட்கத்தானே வேண்டும்.

ஓய்வுபெற்ற பிறகு, தோட்டத்தில் பேசி, ஊற்றுக்கண்ணை ஒட்டிய பதினொரு மரங்களை மட்டும் எடுத்தோம். சுற்றிவர வேலி போட்டோம். ஒரு வருடம் எதையும் நடவில்லை. என்ன தானாக முளைக்கிறது என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தோம். பறவை எச்சத்தில் வந்த அத்தி இரண்டு, காட்டு நாவல் ஒன்று. அடுத்த ஐப்பசி மழையில் ஒரு கல் வைத்து, வெற்றிலை வைத்து, அவற்றுக்குத் துணையாகக் கன்றுகள் நட்டோம்.

போன மார்கழியில் பீலியடி ஈரத்தில் வல்லாரை நாலு இலை விட்டிருந்தது. காசளவு, மண்ணோடு ஒட்டி. தண்ணீர் இன்னும் விரல் கனம்தான். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குடத்தை இறக்கிவைத்துக் குனிந்து பார்த்தார். பறிக்கவில்லை.