தைப்பதற்கு முன் ஒரு கேள்வி: பட்டு தூய்மையானதா?



வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற நாளில் நம்மில் பலர் சைவம்தான். மீன், கோழி எதையும் தொடமாட்டோம். ஓர் உயிரைக் கொன்று செய்த உணவைச் சாப்பிட்டுவிட்டு சாமி முன்னால் நிற்கக்கூடாது என்று வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். சரி, அதே நாளில் நாம் உடுத்துவது என்ன? பட்டு வேட்டி, பட்டுப் பாவாடை, பட்டுச் சேலை. பட்டு எப்படி வருகிறது என்று தெரிந்த பிறகும் அதைத் தூய்மையான துணி என்று சொல்லலாமா?

இந்தக் கேள்வியை எனக்குக் கொடுத்தது அம்மாவின் தையல் மெஷின். நான் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்கிறேன். செமஸ்டர் விடுமுறையில் வீட்டில் தைப்பது என் பொழுதுபோக்கு. தீபாவளிக்குத் தலையணை உறை, பூஜை அறைக்குத் திரை, சொந்தக்காரர் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை, இப்படி ஏதாவது தைப்பேன். ரெடிமேட் வாங்கும்போது விலையையும் நிறத்தையும் பார்த்தால் போதும். தைக்கும்போது அப்படி முடியாது. பருத்தி சுருங்கும், வெட்டுவதற்கு முன்பே நனைத்துக் காயவைக்க வேண்டும். பட்டு வழுக்கும், மெல்லிய ஊசி வேண்டும், ஊசி குத்திய தடமும் சீக்கிரம் போகாது. பாலியெஸ்டரில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் உருகிவிடும். ஆக, இது என்ன நூல் என்று கேட்காமல் தைக்கவே முடியாது.

கிள்ளான் லிட்டில் இந்தியாவிலோ மஸ்ஜிட் இந்தியாவிலோ வாங்கிய துணியில் சந்தேகம் வந்தால் ஒரு சுலபமான சோதனை உண்டு. ஓரத்திலிருந்து நான்கு இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிவது போல வாசம் வீசும், சாம்பல் மென்மையாக உதிரும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணி போல ஆகும். அசல் பட்டு முடி கருகும் வாசம் வீசும். ஏன் தெரியுமா? நம் முடியைப் போலவே பட்டும் புரதம். அது ஓர் உயிரின் உடம்பிலிருந்து வந்தது.

பட்டுப்புழு மல்பெரி இலையைத் தின்று வளர்ந்து, தன்னைச் சுற்றி ஒரே இழையால் கூடு கட்டுகிறது. அந்த இழை பல நூறு மீட்டர் நீளம். உள்ளே இருக்கும் கூட்டுப்புழு அந்துப்பூச்சியாகி வெளியே வந்தால் கூடு உடையும், இழை அறுந்துபோகும். அதனால் அதற்கு முன்பே நீராவியிலோ வெந்நீரிலோ கூட்டுப்புழுவைக் கொன்றுவிடுகிறார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும்.

"பட்டு மடி. அது காலங்காலமா வந்த வழக்கம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். மடி என்பது தொடுவது, தீட்டு சம்பந்தப்பட்ட தூய்மை. நான் கேட்பது செயலின் தூய்மையை. இரண்டும் வேறு. இப்படிக் கேட்பது நம் மரபுக்கு எதிரானதும் இல்லை. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள், உயிர்கள் சாவதைச் சுட்டிக்காட்டி, பட்டு வேண்டாம் என்றே பக்தர்களிடம் சொன்னார். திருவள்ளுவரும் புலால் மறுத்தல் அதிகாரத்தில் வாங்குபவரைத் தப்பவிடவில்லை. வாங்க ஆள் இருப்பதால்தான் விற்க ஆள் வருகிறது என்கிறார். அவர் பேசியது இறைச்சியைப் பற்றி. ஆனால் அந்த நியாயம் துணிக்கடைக்கும் பொருந்தும்தானே?

பட்டை விட்டால் நெசவாளர் குடும்பம் என்ன ஆகும் என்பது நியாயமான கேள்வி. காஞ்சிபுரத்துத் தறியில் உட்கார்ந்திருப்பவரின் உழைப்பை நாம் அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் அவருடைய கலை கையில் இருக்கிறது, புழுவில் இல்லை. அந்தக் கை பருத்தியும் நெய்யும். ஆந்திராவில் கைத்தறித் துறையில் பணியாற்றிய குசுமா ராஜையா, அந்துப்பூச்சி வெளியேறிய கூட்டிலிருந்து நூல் நூற்கும் 'அஹிம்சா பட்டை' பிரபலப்படுத்தினார். பளபளப்பு கொஞ்சம் குறைவு, விலை அதிகம். இருந்தாலும் வழி இருக்கிறது.

இன்னொரு வாதம் இதைவிடக் கடினமானது. என் நண்பன் கேட்டான்: "அப்படிப் பார்த்தா எந்தத் துணிதான்டா சுத்தம்?" உண்மைதான். பருத்தி வயல்களுக்கு ஆறுகளைத் திருப்பியதால் மத்திய ஆசியாவின் ஆரல் கடல் 1960களிலிருந்து வற்றியது. 'ஆர்ட் சில்க்' என்று நாம் வாங்குவது பெரும்பாலும் பாலியெஸ்டர். துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் உதிர்ந்து கடல் வரை போகின்றன. மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸுக்குத் தொழிலாளர் உடம்பைக் கெடுக்கும் ரசாயனம் தேவைப்படுகிறது.

ஆனால் எல்லாவற்றிலும் தீங்கு இருக்கிறது என்பதால் எல்லாம் ஒன்றாகிவிடாது. பருத்தியைக் குறைந்த தண்ணீரில் விளைவிக்கலாம். பாலியெஸ்டரைக் குறைவாகத் துவைக்கலாம். அங்கே தீங்கு பக்க விளைவு, குறைக்க முடியும். வழக்கமான பட்டிலோ கொல்வதுதான் செய்முறையே. தவிர்க்க முடியாத தீங்கைக் காட்டி, தவிர்க்கக்கூடிய தீங்கை நியாயப்படுத்துவது சாக்குதான்.

அப்படியானால் அலமாரியில் இருக்கும் பழைய பட்டை என்ன செய்வது? எங்கள் பாட்டி சொன்ன பதிலை மிஞ்ச என்னால் முடியவில்லை. "புழு செத்து நாப்பது வருசம் ஆச்சு கண்ணு. சேலையக் குப்பையில போட்டா அது எந்திரிச்சு வருமா?" வராது. பழைய பட்டை வெட்டித் தைத்தால் யாரும் புதிதாக ஒரு புழுவைக் கொல்லப்போவதில்லை. தூக்கிப் போட்டால்தான் அந்த உயிர்களும் நெய்தவர் உழைப்பும் வீணாகும்.

இப்போதைக்கு நான் வைத்திருக்கும் வரிசை இது. முதலில் வீட்டில் இருக்கும் துணி. போதாவிட்டால் பருத்தி, அதுவும் அளந்து தேவையான அளவு மட்டும். 45 அங்குல அகலமா, 60 அங்குல அகலமா என்று பார்த்து, காகிதத்தில் வெட்டுப் படம் போட்டுக்கொண்டால் கழிவு குறையும். அடிக்கடி துவைக்காத அலங்காரத்துக்கு மட்டும் பாலியெஸ்டர், அதையும் விளக்குக்கு அருகில் தொங்கவிடாமல். புதுப் பட்டு இல்லை.

சொல்வது சுலபம். அடுத்த வருடம் அக்காவுக்குக் கல்யாணம். கூறைச் சேலை பட்டில் இல்லாவிட்டால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று அம்மா கவலைப்படுகிறார். உடுத்தப்போவது அக்கா, முடிவும் அவருடையது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "யோசிக்கிறேன்" என்றார். பட்டு உடுத்தியவரைக் கேலி செய்து, மனம் நோகவைத்து, கொல்லாமையைப் பரப்ப முடியாது. அதுவும் ஒரு வகை இம்சைதானே?

நண்பர்களே, அடுத்த முறை துணிக்கடையில் நிற்கும்போது "மீட்டர் எவ்வளவு?" என்று கேட்பதோடு "இது எதிலிருந்து வந்தது?" என்றும் கேட்டுப் பாருங்கள். சிந்திப்போம், பிறகு வெட்டுவோம்.