தீயை அவிப்பதும் கொலையோ?

சென்ற தீபாவளியன்று அதிகாலை வழிபாடு முடிந்தபின், பாவாபுரியில் பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய வரலாற்றைச் சிறுவர்களுக்குக் கூறிக்கொண்டிருந்தேன். பேச்சு ஓரறிவுயிர்களைப் பற்றித் திரும்பிற்று. நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகியவற்றை உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டென்பது நம் சமயத்தின் அடிப்படைக் கொள்கை. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, தீயிலும் உயிர் உண்டு என்றால், தீயணைப்பு வீரர்கள் தினமும் கொலையல்லவா செய்கிறார்கள்?" என்று வினவினான். கூடியிருந்தோர் நகைத்தனர். எனக்கு நகைப்பு வரவில்லை. மதுரையில், அதுவும் தீபாவளி நாளில், அவ்வினாவைக் கேட்டு நகைப்பது எளிதன்று.

2020-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள், அவ்வாண்டின் தீபாவளி. விளக்குத்தூண் அருகே பழைய கட்டடம் ஒன்றில் இயங்கிவந்த ஜவுளிக் கடையில் தீப்பற்றியது. அணைக்கச் சென்ற வீரர்கள்மீது கட்டடம் இடிந்து விழ, இருவர் மாண்டனர். நாடு முழுதும் விளக்கேற்றி மகிழும் நாளில் இரு இல்லங்கள் இருண்டன. அவ்விருவரும் நம் சமயத்தினர் அல்லர். நம் நூல்களைக் கற்றவரும் அல்லர். ஆயினும் அவர்கள் செய்த செயலை நம் அறத்தின் எந்தத் தட்டில் வைத்து நிறுப்பது என்னும் கேள்வியை நாம் தட்டிக்கழிக்க இயலாது. அத்தெருக்களில் நம்மவர் கடைகளும் உள்ளன. நானும் அங்கு வணிகம் செய்தவனே.

துறவியரைப் பொறுத்தவரை விதி ஐயத்திற்கு இடமற்றது. அவர்கள் தீயை மூட்டவும் கூடாது, அவிக்கவும் கூடாது. மாங்குளத்திலும் கீழவளவிலும் பிற குன்றுகளிலும் ஈராயிரம் ஆண்டுகட்கு முன் கற்படுக்கைகளில் துயின்ற முனிவர்கள் அவ்விதியைக் காத்தவர்கள். அவர்களுக்குக் கூரையில்லை, அடுப்பில்லை, காக்க வேண்டிய பொருளும் இல்லை. இல்லறத்தார் நிலை வேறு. நாம் அடுப்பு மூட்டுகிறோம், மின்சாரம் பயன்படுத்துகிறோம், பஞ்சையும் நூலையும் மாடி மாடியாக அடுக்குகிறோம். மூட்டுவதை ஒழியாதவன் அவிப்பதை மட்டும் குற்றமென்பது எவ்விதத்திலும் முறையன்று.

சுவேதாம்பரர் போற்றும் பகவதி சூத்திரத்தில் காலோதாயி என்பவர் பகவானிடம் இதே வினாவை எழுப்பியதாக ஒரு பகுதி வருகிறது. ஒருவன் தீயை மூட்டுகிறான், மற்றொருவன் அதை அவிக்கிறான். இவர்களுள் யாருக்கு வினை மிகுதி என்பது அவர் கேள்வி. மூட்டியவனுக்கே மிகுதி என்பது விடை. காரணமும் கூறப்படுகிறது. அவிப்பவன் தீயுயிர்களை மிகுதியாகக் கொல்கிறான், உண்மையே; ஆனால் மூட்டியவனோ மண்ணிலும் நீரிலும் காற்றிலும் தாவரத்திலும் உள்ள உயிர்களையும், ஊர்வன பறப்பனவற்றையும் மிகுதியாக அழிக்கிறான். இவ்விடையில் என்னைக் கவர்வது அதன் நேர்மை. அவித்தவனுக்கு வினையே இல்லை என்று பகவான் கூறவில்லை; குறைவு என்றே கூறினார். நம் நன்மைக்காக ஒருவர் செய்வதாலேயே அச்செயல் முற்றிலும் தூயதாகிவிடாது. நம் கூரையைக் காத்தவர் நம் பொருட்டு ஒரு சிறு வினையையும் ஏற்றார் என்று கொண்டால், நம் கடன் கூடுகிறதே ஒழியக் குறையவில்லை.

நம் ஆசாரியர்கள் இம்சையைச் சங்கற்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நால்வகையாகப் பகுத்து, கொல்லும் எண்ணத்தோடு செய்யும் முதலாவதை இல்லறத்தான் முற்றிலும் நீக்க வேண்டும் என்றனர். ஏனைய மூன்றும் இயன்றவரை குறைக்கத் தக்கவை. தீயணைப்போர் செயல் தொழிலால் வரும் இம்சையிலோ, காத்தலால் வரும் இம்சையிலோ அடங்கும். மாணவனுக்கு அன்று நான் கூறிய விடை இவ்வளவே. ஆனால் வீடு திரும்பியபின், சிறு பகுதியையே கூறினேன் என்று தோன்றிற்று.

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுகையில், உயிர் போவதை மட்டும் கூறி நிறுத்தவில்லை. பிரமாதத்தால், அதாவது கருத்தின்மையால், உயிர் போக்குதல் என்றார். பொன்னூர் மலையோடு இணைத்து நாம் போற்றும் குந்தகுந்தர் பிரவசனசாரத்தில் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். உயிர் இறந்தாலும் இறவாவிட்டாலும் கவனமின்றி நடப்பவனுக்கு இம்சை உறுதி. கவனத்தோடு நடப்பவனுக்கு உயிர்ச்சேதம் நேர்ந்தாலும் அதனால் வினைப்பிணிப்பு இல்லை என்பது அவர் கருத்து. அமிர்தசந்திரரும் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதனையே விரித்தார்.

இவ்வளவுகோலை எடுத்துக்கொண்டு நம் காலத்தைப் பார்ப்போம். 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக்கூரை பற்றியெரிந்து 94 குழந்தைகள் மடிந்தனர். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் விடியலில், லக்னோவிலிருந்து வந்து மதுரை ரயில் நிலையத்தருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில் ஒன்பது பேர் மாண்டனர். விதிக்கு மாறாக உள்ளே எடுத்துவந்த எரிவாயு உருளையே காரணம். தேநீர் போட முற்பட்டவர் யாரையும் கொல்ல எண்ணவில்லை. கீற்று வேய்ந்தவரும் எண்ணவில்லை. சிலப்பதிகாரத்தில் மதுரையை எரித்த தீக்கு ஒரு சினம் இருந்தது. நல்லோரையும் குழவியரையும் விலக்கும் ஆணையும் இருந்தது. இக்காலத் தீக்குச் சினமுமில்லை, விலக்குமில்லை. அதன்பின்னே நிற்பது பெரும்பாலும் கருத்தின்மைதான்.

இதிலிருந்து மற்றொன்று பெறப்படுகிறது. இறப்பு நேராவிடினும் கருத்தின்மை இம்சை எனின், இறப்பு நேராதபடி காக்கும் கருத்துடைமை அகிம்சையே ஆதல் வேண்டும். அவ்வாறாயின் தீ எரியும்போது ஓடிவருபவர் மட்டுமல்லர், எரியாதபடி முன்னரே வந்து பார்ப்பவரும் பெரிய அறவோர். ஆனால் அவரை நாம் எவ்வாறு நினைவுகூர்வது? அவரால் காக்கப்பட்டவர் யாரென்று அவருக்கே தெரியாது. 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றிய கப்பல் வெடித்து, தீயணைப்பு வீரர் 66 பேர் உயிர்நீத்தனர். அந்நாளை இன்றும் நாடு நினைவுகூர்கிறது. நேராத தீக்கு எந்நாள் குறிப்பது?

அத்தகைய ஒருவரை நான் அறிவேன். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகட்கு முன், தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கையில், தீப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் என் கடைக்கு வந்தார். மாடிப்படியின் ஒரு பக்கம் முழுதும் துணிப் பொதிகளை அடுக்கியிருந்தேன். வேறு இடம் இல்லை என்று வாதிட்டேன். பண்டிகை முடியட்டும் என்றேன். தெரிந்த பெரியவர் பெயர் ஒன்றையும் சொல்லிப் பார்த்தேன். அவர் சினக்கவில்லை. "கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து கீழே இறங்குங்கள், புகையில் அப்படித்தான் இருக்கும்" என்றார். மூன்றாம் படியில் என் கால் பொதியில் தட்டிற்று. அவர் கையைப் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பேன். தம் பிள்ளைகளையும் மாதம் ஒருமுறை இரவில் விளக்கை அணைத்துவிட்டு வாயிற்கதவைத் தேடி வரச்செய்வதாகவும், இளைய மகளுக்கு அது ஒரு விளையாட்டு என்றும் கூறிச் சிரித்தார். பொதிகளை அன்று மாலையே அகற்றினேன். அச்சத்தால் அல்ல, வெட்கத்தால். அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. என் கடையில் தீப்பற்றவே இல்லை. ஆகவே அவர் என்னைக் காத்தார் என்று என்னால் மெய்ப்பிக்க இயலாது.

குடும்பத்தான் ஒருவன் இத்தொழிலில் தன் உயிரைப் பணயம் வைப்பது தகுமா என்பதும் எளிய கேள்வியன்று. மனைவி மக்களைக் காப்பதும் இல்லறத்தான் விரதத்தோடு ஒட்டியதே. எடின்பரோவிலும் லண்டனிலும் தீயணைப்புப் படையை முறைப்படுத்திய ஜேம்ஸ் பிரெய்ட்வுட், தம் வீரர்களுக்குப் பயிற்சியும் கட்டுப்பாடும் தந்து அறியாமையால் வரும் ஆபத்தைக் குறைக்க முயன்றவர். 1861-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் லண்டன் டூலி தெருப் பண்டகசாலைத் தீயில் சுவர் ஒன்று சரிந்து அவரே மாண்டார். நூற்றைம்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து மதுரையிலும் வீழ்ந்தது ஒரு பழங்கட்டடம். மரச்சட்டம் எரிந்து போனால் சுவருக்குப் பிடிமானம் போகிறது; இரும்பு உத்தரம் சூடேறி நீண்டால் சுவரை வெளியே தள்ளுகிறது; ஏறத்தாழ 550 பாகை செல்சியசில் அதன் வலிமை பாதியளவு குன்றுகிறது. இவற்றைப் பொறியாளர் அறிவர். கட்டட உரிமையாளர்களாகிய நாம் அறிந்துகொள்ள முயன்றோமா? அவ்விருவர் மனைவியரும் பிள்ளைகளும் கேட்கக்கூடிய கேள்விக்கு வீரம், தியாகம் என்ற சொற்கள் மட்டும் விடையாகா. அவர் தம் உயிரை எவ்வளவு பணயம் வைக்க வேண்டியிருந்தது என்பதில் ஒரு பங்கை, சந்தை அடைத்துப் பொருள் குவித்தவர்களும் பழுதான மின்கம்பியை மாற்றாதவர்களும் முன்னரே தீர்மானித்துவிடுகிறோம்.

குகைத்தளங்களின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதபடி வெட்டிய விளிம்பை நம் இளைஞர் பலரும் கண்டிருப்பர். கற்படுக்கை அளித்தோர் பெயர்கள் சில கல்லில் உள்ளன. அவ்விளிம்பை வெட்டிய தச்சன் பெயரை யாரும் தேடுவதில்லை.

அம்மாணவனை மறுவாரம் மீண்டும் சந்தித்தேன். இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் கடைப் படியில் இப்போது எதுவும் இல்லையா ஐயா?" என்றான். கடையை இப்போது என் மகன் பார்க்கிறான். போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். படியில் இரண்டு அட்டைப் பெட்டிகள் இருந்தன.