எதை அளக்கிறோம்?

கோவையிலிருந்து ஆனைகட்டி தாண்டினால் அட்டப்பாடி. பாலக்காடு மாவட்டம். இருளரும் முடுகரும் குறும்பரும் வாழும் ஊர்கள் 190-க்கும் மேல். 1996-இல் ஜப்பான் நாட்டுக் கடனில் அங்கே ஒரு பெரிய திட்டம் வந்தது. அதை நடத்திய சங்கத்தை ‘அகாட்ஸ்’ என்றால் மலையில் எல்லோருக்கும் தெரியும். இருநூறு கோடிக்கு மேல் பணம். மொட்டையாகக் கிடந்த சரிவுகளில் மரம் நட்டார்கள், தடுப்பணையும் வீடுகளும் கட்டினார்கள், ஊர்தோறும் குழு அமைத்தார்கள். மலை பச்சையானது. அதை மறுப்பதற்கில்லை.

2013-இல் அதே மலையில் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. விசாரிக்கப் போனவர்கள் கண்டது தாய்மாரின் ரத்தசோகை, எடை குறைந்த பிறப்பு. ராகியும் சாமையும் துவரையும் விளைந்த பூமியில் சாகுபடி சுருங்கி, நிலமும் கைமாறி, ரேஷன் அரிசிதான் பல வீடுகளில் வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்தது.

மரம் நட வந்த திட்டத்தின் தலையில் இந்தச் சாவுகளைப் போடுவது அநியாயம். நான் சொல்ல வருவது கணக்கைப் பற்றி. எத்தனை ஹெக்டேர், எத்தனை அணை, எத்தனை வீடு என்பதெல்லாம் களக் கண்காணிப்புக்குப் போகிறவருக்குச் சுலபமாகக் கிடைக்கும் எண்கள். நேற்று ராத்திரி ஒரு கர்ப்பிணி என்ன சாப்பிட்டாள் என்று எழுத அவருடைய படிவத்தில் பெரும்பாலும் கட்டமே இருக்காது.

பணம் கொடுத்தவர்கள் கேட்பது கொடுத்த கணக்கு. ஆகவே ரசீது, கையெழுத்து, மூட்டையோடு ஒரு போட்டோ. ஜீப் போகிற இடம்வரைதான் கண்காணிப்பும் போகும். இடுக்கியின் இடமலைக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். முதுவர் குடிகள் உள்ள அந்த இடம் 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியானது. நெடுங்காலம் பெட்டிமுடியோடு வண்டிப் பாதை நின்றிருந்தது. அப்புறம் காட்டு நடைதான், அரிசி தலைச்சுமைதான். பெட்டிமுடியில் இறங்கிய மூட்டைகளை எண்ணிவிட்டு மூணாறுக்குத் திரும்பி ஒருவர் அறிக்கை எழுதினால், அந்த அறிக்கையில் பொய் ஒன்றும் இருக்காது. குடிக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்பது மட்டும் இருக்காது.

உலகெங்கும் நிவாரண முகாம்களில் ஒரு நாடா வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே சுற்றிப் பார்ப்பார்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு. உயிருக்கே ஆபத்தான ஊட்டக்குறைவு. அதற்கு மேல் 12.5 வரை மஞ்சள். உதவி வேலையில் இவ்வளவு மலிவான, இவ்வளவு நேர்மையான கருவியை நான் அறியேன். மூட்டைக் கணக்கில் யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம். பிள்ளையின் கைச் சுற்றளவு எந்த அதிகாரியின் கையெழுத்தாலும் கூடிவிடாது.

சாவுகளுக்குப் பிறகு அட்டப்பாடி ஊர்களில் சமுதாயச் சமையலறைகள் வந்தன. கேரளத்தின் மகளிர் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் வழியாக ஊர்ப் பெண்களே பொங்கிப் போட்டார்கள். இன்றைக்கு யார் சாப்பிட வரவில்லை, ஏன் வரவில்லை என்பது கரண்டி பிடித்தவளுக்குத் தெரியும். வெளியிலிருந்து வரும் கண்காணிப்பாளர் பதிவேட்டைப் புரட்டுமுன் அவளோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசினால் பாதி வேலை முடிந்தது. அந்த அரைமணிக்குப் பயணப்படி உண்டா என்பது வேறு விஷயம்.

அடுத்த மழையில் எங்கோ மண் சரியும். நாமும் நிவாரணத்துக்குப் பணம் அனுப்புவோம். எத்தனை குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள் என்ற கணக்கு, கேட்காமலே வந்துவிடும். ஆறு மாதம் கழித்து அந்த வீடுகளுக்கு யாராவது போய்ப் பார்த்தார்களா என்று நீங்கள் ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், அடுத்த முறை அனுப்பும் தொகையில் ஒரு பங்கை அந்தப் பயணத்துக்கென்றே குறித்து அனுப்புங்கள்.