அன்பு மட்டும் போதுமா?
வாய்பேசா உயிரின் உணவு பற்றிய ஓர் அறவியல் நோக்கு

பசித்தோர்க்கு உணவிடுதலை எமது மரபு பேரறங்களுள் ஒன்றாகப் போற்றி வந்துள்ளது. ஆயின், இடுகின்ற உணவு எத்தகையது என அறிந்திருத்தலும் அவ்வறத்தின் பாற்படுமா என்ற வினாவை நாம் அரிதாகவே எழுப்புகின்றோம். உண்பவர் பேச வல்லவராயின் அவ்வினாவிற்குப் பெரும்பாலும் தேவையில்லை. உப்பு மிகுந்தது, உடலுக்கு ஒவ்வாது என அவரே கூறுவார். வேண்டாவிடின் வேறிடம் செல்வார். வீட்டினுள் வளர்க்கப்படும் நாய்க்கும் பூனைக்கும் இவ்விரு வழிகளும் இல்லை. உண்பது தேர்வதில்லை, தேர்பவர் உண்பதில்லை. இவ்விடைவெளியில் எழும் கடமை யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

மனிதர் பசித்திருக்கையில் நாய், பூனை ஆகியவற்றின் உணவை ஆராய்வது தகுமா எனச் சிலர் வினவலாம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது உணவுவேளைகளைக் குறைத்துக்கொண்ட குடும்பங்கள் பல வாழும் நாட்டில், இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. இதற்கான விடையைக் கட்டுரையின் பிற்பகுதி தரும் என நம்புகின்றேன்.

எங்கள் வீடு மச்சம் புழங்காத வீடு. அங்கு வளர்ந்த பூனைக்கும் பாற்சோறும் பருப்புச் சோறுமே இடப்பட்டன. அது இரவில் எலியையும் பல்லியையும் பிடித்துண்டபோது, ‘எவ்வளவு ஊட்டினாலும் அதன் புத்தி போகாது’ என்று நாங்கள் குறைகூறினோம். குறை பூனையினுடையதன்று என்பதைப் பல்கலைக்கழகம் வந்த பின்னரே உணர்ந்தேன். புலால் மறுத்தல் ஒருவர் தாமே தெரிந்து மேற்கொள்ளும் நோன்பு. தெரிவு செய்ய இயலாத உயிரின்மீது அது சுமத்தப்படும்போது நோன்பு என்ற பெயரை இழந்துவிடுகின்றது.

விஞ்ஞானம் இதனைத் தெளிவாக்குகின்றது. மனிதரோடு நெடுங்காலம் வாழ்ந்த நாய், மாப்பொருளைச் சமிக்கச் செய்யும் நொதியத்துக்குரிய பரம்பரையலகின் பிரதிகளை ஓநாயினும் மிகுதியாகப் பெற்றுள்ளமை 2013இல் வெளியான ஆய்வொன்றால் புலனாயிற்று. பூனையோ ஊனுண்ணியாகவே நின்றுவிட்டது. இனிப்புச் சுவையை அது உணர்வதில்லை. கரட் முதலியவற்றிலுள்ள கரோட்டீனை விற்றமின் ஏ ஆக மாற்றும் ஆற்றலும் அதற்கில்லை. டோரின் என்னும் அமிலத்தைப் போதிய அளவில் தன் உடலில் ஆக்கிக்கொள்ளவும் அதனால் இயலாது. விலங்குகளின் தசையில் நிறைந்துள்ள அப்பொருள் தாவர உணவில் ஏறத்தாழ இல்லை எனலாம்.

அவ்வாறாயின், விலைகொடுத்து வாங்கும் உணவு இக்குறையை நீக்குமன்றோ? 1860களில் ஜேம்ஸ் ஸ்பிராற் என்னும் அமெரிக்கர் இலண்டனில் நாய்களுக்கான பிஸ்கற்றுகளை விற்கத் தொடங்கியதிலிருந்து இவ்வணிகம் வளர்ந்து வந்துள்ளது. இறைச்சி, ஈரல், எலும்புத்தூள், தானியம், கொழுப்பு, விற்றமின்கள் என்பனவற்றைக் கலந்து ஆக்கப்படும் இவ்வுணவு, ‘நிறைவானது’ என்னும் வாக்குறுதியுடன் விற்கப்படுகின்றது. ஆனால் அந்நிறைவு அவ்வக்கால அறிவின் எல்லைக்கு உட்பட்டதே. டோரின் குறைந்தால் பூனையின் விழித்திரை சிதைவுறும் என்பது 1975இல் வெளிப்பட்டது. நிறைவானவை எனக் கருதப்பட்ட வணிக உணவுகளை உண்டுவந்த பூனைகளுக்கு ஏற்பட்ட இதயத்தசை நோய்க்கும் இக்குறைபாடே காரணம் என்பதைக் கலிபோர்ணியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987இல் காட்டினர். டோரின் ஊட்டப்பட்டபோது நோயுற்ற இதயங்கள் தேறின. அதன் பின்னர் உற்பத்தியாளர்கள் உணவில் அதன் அளவை உயர்த்தினர், அந்நோயும் அருகிற்று.

இங்கு எவரும் தீங்கு நினைத்தவரல்லர். எங்கள் வீட்டாரும் நினைத்தவரல்லர். எனினும் நல்லெண்ணம் பூனையின் கண்ணையோ இதயத்தையோ காக்கவில்லை. காத்தது ஆராய்ந்தறிந்த அறிவு. அறியாமை மன்னிக்கத்தக்கதாகலாம். ஆனால் அறியும் வாய்ப்பிருந்தும் அறிய முயலாமை அத்தகையதன்று. இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லையிலேயே கடமை தொடங்குகின்றது.

அறியாமையின் வேறாய வஞ்சகத்தை 2007ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு மார்ச் மாதம் தொடங்கி வட அமெரிக்காவில் நாய், பூனை உணவுவகைகள் பெருந்தொகையாக மீளப்பெறப்பட்டன. அவற்றை உண்ட விலங்குகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டமையே காரணம். சீனாவிலிருந்து வந்த, கோதுமைப் புரதம் எனப்பட்ட மூலப்பொருளில் மெலமைன் கலக்கப்பட்டிருந்தது. அது கோப்பைகளும் தட்டுகளும் செய்யப் பயன்படும் பிளாஸ்ரிக்கின் மூலப்பொருளாகும்.

உணவோடு தொடர்பற்ற அப்பொருளைக் கலந்தமைக்குக் காரணம், புரதத்தை அளக்கும் முறையில் உள்ளது. டென்மார்க் நாட்டு இரசாயனவியலாளர் யோகான் கெல்டால் 1883இல் வெளியிட்ட முறை, புரதத்தை நேரே அளப்பதில்லை, நைதரசனை அளக்கின்றது. புரதத்தில் ஏறத்தாழ 16 வீதம் நைதரசன் உண்டெனக் கொண்டு, கிடைத்த அளவு 6.25ஆற் பெருக்கப்படுகின்றது. மெலமைனின் நிறையில் மூன்றில் இரு பங்கு நைதரசனாகும். ஆகவே அதனைச் சிறிது கலந்தாலே புரதத்தின் எண் உயரும். பொதியில் அச்சிட்ட எண்ணைப் படித்தறிந்த உரிமையாளர் தம் கடமையை ஆற்றியதாகவே எண்ணியிருப்பார். அவர் படித்த எண் புரதத்தை உரைக்கவில்லை.

அடுத்த ஆண்டே இந்நிகழ்வு வேறிடத்தில் மீண்டது. நீர் கலந்த பாலின் புரத எண்ணை உயர்த்த மெலமைன் கலக்கப்பட்டமை 2008 செப்தெம்பரில் சீனாவில் அம்பலமாயிற்று. ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர்; 6 குழந்தைகள் இறந்ததாக அறிவிக்கப்பட்டது. பொருளும் உபாயமும் ஒன்றே. உண்டவர் நிலையும் ஒன்றே: பாற்புட்டியைப் பற்றிய குழந்தை உணவைத் தேரவில்லை; தனக்கு நேர்வதைச் சொல்லவும் அதற்கு மொழியில்லை.

மனிதர் பசித்திருக்கையில் இவ்வாராய்ச்சி தகுமா என்ற வினாவுக்குரிய விடை இதுவே. விலங்குகள்பால் நமக்குள்ள கடமை, உண்மையில் மனிதர்பாலுள்ள கடமையின் மறைமுக வடிவமே என்றார் கான்ற். அவரோடு நான் முற்றும் உடன்படவில்லை. பூனையின் துன்பம் பூனைக்குத் துன்பமாதலே அதனைக் கருத்திற்கொள்ளப் போதிய காரணமாகும். எனினும் கான்றின் கருத்தில் ஓர் உண்மை உண்டு. மறுத்துரைக்க இயலாத வாய்க்கு எதையும் இடலாம் என்னும் மனம், அவ்வாய் எவ்வுயிரினது எனப் பார்த்து நின்றுவிடுவதில்லை. குழந்தை, முதியோர், நோயாளர், முகாமிற் பங்கீட்டுணவுக்குக் காத்திருப்போர் யாவரும் பிறர் தேர்ந்த உணவை உண்பவரே. பசித்தவருக்குக் கிடைத்ததே பெரிதென்று கூறி உணவின் தன்மையை ஆராயாது விடுவோமாயின், பசியைச் சாட்டாக்கி அவருக்கு இரண்டாவது தீங்கையும் இழைத்தவராவோம்.

ஒவ்வொருவரும் இரசாயனவியலாளராதல் வேண்டும் என்பது இதன் பொருளன்று. தனியொருவர் ஆய்வுகூடம் அமைத்துப் பொதியைச் சோதித்தல் இயலாது. ஆதலால் அறியும் கடமை பகிரப்பட வேண்டும். ஆக்குபவர் உள்ளதை உள்ளவாறு கூறவும், அரசு சோதிக்கவும், விஞ்ஞானி தன் அளவுகோலையே ஐயுறவும் வேண்டும். இடுபவரின் பங்கு, உண்ணும் உயிரின் இயல்பை அறிதலும், அதன் உடலிற் காணும் மாற்றங்களை ஊன்றி நோக்குதலும், வேண்டுமிடத்து மிருகவைத்தியரை நாடுதலுமாம். செயற்கை டோரின் கிடைக்கும் இக்காலத்தில் சைவ வீட்டாரும் தம் பூனைக்கு என்ன இடலாம் என ஆராயலாம். ஆனால் அவ்வாராய்ச்சியின் முடிவைச் சொல்ல வேண்டியது பூனையின் உடல்நிலையேயன்றி எமது நோன்பன்று.

எங்கள் வீட்டுப் பூனை இப்போது இல்லை. அதற்குப் பாற்சோறிட்ட கைகளில் அன்பு குறைந்திருந்ததென நான் கூறமாட்டேன். அவ்வன்பு, எதிரே இருந்த உயிர் யாது என ஒருநாளும் கேட்டதில்லை.