அயனிக்கு வாய் கிடையாது

காந்த ஊசியை மேலும் கீழும் ஆடவிட்டால், துருவத்தில் அது தரையைக் குத்தி நிற்கும். இனயம் கடற்கரையில் கிட்டத்தட்ட மட்டமாகப் படுத்துக்கொள்ளும். காந்த நடுக்கோடு அவ்வளவு பக்கம்.

துருவப் பகுதிகளில் புவியின் காந்தக்கோடுகள் நட்டுக்குத்தலாக எழுந்து காந்தமண்டலத்துக்குள் நீள்கின்றன. அயனிகளும் எலெக்ட்ரான்களும் அவற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கும். நம் தலைக்குமேல் கோடுகள் படுத்துக் கிடப்பதால் அந்த வழி இல்லை. இங்கே நடப்பது வேறு. சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் பகலெல்லாம் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. எலெக்ட்ரோஜெட் என்று பெயர். அதே பகல்நேர மின்புலம் இன்னும் மேலே இருக்கும் அயனிகளை உயரத் தூக்கிவிட, அவை காந்தக்கோட்டோடு சரிந்து வடக்கிலும் தெற்கிலும் போய் விழுகின்றன. நம் பக்கத்தில் கிளம்பியது போபால், அகமதாபாத் வானத்தில் சேர்கிறது. சூரியப் புயல் அடித்தால் காந்தமண்டலத்தின் மின்புலம் சில நிமிடங்களில் இந்த ஊற்றையும் வந்து உலுக்கும். 2024 மே மாதம் லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்ததே, அப்படி ஒரு புயல்.

இந்த மின்னோட்டத்தை ஆராயத்தான் மீனவ கிராமமான தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா ஞாயிறு பூசையில் மக்களிடம் கேட்டார், அவர்கள் "ஆமென்" என்றார்கள். அப்துல் கலாம் பல மேடைகளில் சொன்ன கதை. மகதலேனா மரியாள் கோயில் ஆபீஸ் ஆனது, ஊர் இடம் மாறியது, 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட் கிளம்பியது. நானும் இந்தக் கதையை ஆபீஸ் நண்பர்களிடம் நெகிழ்ந்துபோய்ச் சொல்லியிருக்கிறேன்.

இனயத்தில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடமும் சொன்னேன். 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை இனயத்தில் பெரிய துறைமுகம் கட்டக் கொள்கையளவில் ஒப்புதல் தந்ததும், கரை முழுக்க எதிர்த்து நின்றதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

"கோயிலக் குடுத்தவிய புண்ணியவான். குடுக்க மாட்டம்னு சொன்ன நாங்க துரோகியளா மக்கா?"

"அது சயின்ஸ், இது யாவாரம்" என்றேன். சொல்லும்போதே மட்டமான பதில் என்று தெரிந்தது. எதற்காகக் கேட்டார்கள் என்பதை வைத்து, கொடுத்தவனின் உரிமையை அளக்க முடியாது. 'மாட்டோம்' என்று சொல்ல இடமிருந்தால்தான் 'ஆமென்' கொடை. நிலத்தை எடுப்பது தீர்மானமான பிறகு கேட்டால் அது தகவல்.

பலன் வந்ததே என்று சொல்லலாம். வந்ததுதான். சூரியன் விழுந்த பிறகு இந்த நடுக்கோட்டு வானத்தில் குமிழிகள் எழும்பி ஜிபிஎஸ் சிக்னலைச் சிதறடிக்கும். அதைப் புரிந்துகொண்டதில் தும்பா ராக்கெட்டுகளுக்கும் பங்குண்டு, இனயத்துப் படகிலும் ஜிபிஎஸ் இருக்கிறது. ஒரு இடத்தில் தூக்கி இன்னொரு இடத்தில் சேர்க்கும் அந்த ஊற்றையே உவமையாக்கிவிட கை துறுதுறுக்கிறது. ஆனால் அயனிக்கு வாய் கிடையாது.

"தும்பாவுல அண்ணு மாட்டம்னு சொல்லியிருந்தா?" என்று கேட்டார்.

வேறு கரையைப் பார்த்திருப்பார்கள். எலெக்ட்ரோஜெட்டின் அகலம் சுமார் 600 கிலோமீட்டர். தும்பாவிலிருந்து இனயம் 50-தான்.