ரசிகனின் கடன்

ஒன்று நமக்குப் பிடித்திருக்கிறது என்றால், பிடித்திருப்பதோடு நம் காரியம் முடிந்துவிடுகிறதா? பழம் இனித்தது, தின்றோம், தோலை எறிந்தோம். அவ்வளவுதானா? பழத்தின் விஷயத்தில் அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். பாட்டின் விஷயத்தில் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதை யோசிக்க வைத்தவன் இலத்தூரில் எனக்கு வேண்டிய ஒரு குடும்பத்துப் பிள்ளை. செங்கோட்டைக்குப் பக்கத்து ஊர். பையன் கல்லூரியில் படிக்கிறான். 2024-ஆம் வருஷம் முடிகிற சமயம், ஒரு நோட்டுப் புத்தகத்தை என்னிடம் நீட்டினான். அந்த ஆண்டில் வந்த பாட்டுகளில் தனக்கு மிகவும் பிடித்த பத்தை வரிசைப்படுத்தி எழுதியிருந்தான்.

"மாமா, இதிலே சினிமாப் பாட்டு ஒண்ணுகூடக் கிடையாது" என்றான். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

முதல் இடத்தில் சாய் அபயங்கரின் 'கட்சி சேர'. அதே இளைஞருடைய 'ஆச கூட' சற்றுத் தள்ளி இருந்தது. நடுவில் அறிவு பாடிய 'வள்ளியம்மா பேராண்டி'. மற்றவை அநேகமாக நான் கேள்விப்படாதவை. வீட்டு அறையில் ஒரு கம்ப்யூட்டரையும் ஒரு மைக்கையும் வைத்துக்கொண்டு பிள்ளைகள் தாங்களே பதிவு செய்தவை என்றான். பத்தாவது பாட்டை அதுவரையில் ஆயிரம் பேர்கூடக் கேட்கவில்லையாம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் தாத்தாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஏலே, பாட்டுக்கு மார்க்கு போடுதியோ? பெத்த பிள்ளையளுக்கு எவனாவது ரேங்க் போடுவானா?" என்றார்.

பையன் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டான். எனக்கு அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ள முடியவில்லை. பிடித்ததைச் சொல்வது ஒன்று. அதற்கு எண் போடுவது வேறொன்று. ரசிகனுக்கு எது உரிமை, எது கடமை?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1931-ல் 'காளிதாஸ்' என்ற முதல் பேசும் படம் வந்தது. அதன் பிறகு சில பத்தாண்டுகளுக்குள், பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு என்று ஆகிவிட்டது. சினிமாப் பாட்டைத் தூக்கிப் பிடிக்க ஒரு கதை இருக்கிறது. ஒரு கதாநாயகன் முகம் இருக்கிறது. ஊர்ச் சுவரெல்லாம் போஸ்டர் இருக்கிறது. சினிமாவுக்கு வெளியே பிறக்கிற பாட்டுக்கு இவை ஒன்றும் இல்லை. அது தன் காலில்தான் நிற்க வேண்டும். 'சுயாதீன இசை' என்று இன்றைக்கு அதற்குப் பெயர் சொல்லுகிறார்கள்.

அழகான பெயர்தான். ஆனால் எதிலிருந்து சுயாதீனம்?

தென்காசிச் சீமையில் பிறந்த பாட்டுகளையே எடுத்துக்கொள்ளலாம். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் அதற்காக அவருக்கு நிலம் மானியமாகக் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மேல் காவடிச்சிந்து பாடினார். 1891-ல் இளம் வயதிலேயே மறைந்துபோன அந்தக் கவிஞரை ஆதரித்தவர் ஊத்துமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர். பாட்டு கவிஞனுடையதுதான், ஆனால் அவன் வீட்டு அடுப்பு எரிய ஒரு பிரபு வேண்டியிருந்தது.

இன்றைக்கு மன்னரும் இல்லை, ஜமீனும் இல்லை. சினிமா முதலாளியும் வேண்டாம் என்று ஒரு பையன் பாட வந்தால், அவனை ஆதரிக்க மிச்சம் இருப்பவர் யார்? கேட்கிறவர்கள்தாம். ஊத்துமலை ஜமீன்தாரின் ஸ்தானம் ஆயிரம் துண்டாக உடைந்து, நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டாக வந்து சேர்ந்திருக்கிறது. அது நம் கையில் இருப்பதே நமக்குத் தெரியாது என்பதுதான் வேடிக்கை.

இதை வெறும் உவமையாகச் சொல்லவில்லை. உலகம் முழுவதும் இணையத்தில் ஏற்றப்படும் புதிய பாட்டுகள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் என்று கணக்கிடுகிறார்கள். ஸ்பாட்டிஃபை என்ற பெரிய நிறுவனம் 2024 முதல் ஒரு விதி வைத்திருக்கிறது. பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு வருமானத்தில் பங்கு கிடையாது. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது தடவை கேட்டிருந்தாலும் பாடியவனுக்குச் சல்லிக்காசு இல்லை. அந்த ஆயிரம் நிறைந்தாலும் வரக்கூடிய தொகை அற்பந்தான். ஆனாலும் கணக்கில் இருப்பதற்கும் கணக்கிலேயே இல்லாமற் போவதற்கும் வித்தியாசம் உண்டல்லவா? இலத்தூர்ப் பையனின் நோட்டுப் புத்தகத்தில் பத்தாவதாக இருந்த பாட்டு, அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது, அவனைப் போன்ற சிலர் நாலு பேரிடம் வாய்விட்டுச் சொல்வதைப் பொறுத்தது.

பட்டியல் என்பது அத்தனை பெரிய காரியமா என்று கேட்கலாம். முத்தொள்ளாயிரத்தை நினைத்துப் பாருங்கள். மூவேந்தரையும் பாடிய அந்த நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. நூற்றுச் சொச்சம் வெண்பாக்கள் எஞ்சின. அவையும் எப்படி எஞ்சின? புறத்திரட்டு என்ற தொகைநூலைத் தொகுத்த ஒரு ரசிகர் தமக்குப் பிடித்த பாடல்களை எடுத்து எழுதி வைத்தார். அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர் 'இவை எனக்குப் பிடித்திருக்கின்றன' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு சும்மா இருந்திருந்தால், இன்று அந்தப் பாடல்கள் நமக்குக் கிடைத்திருக்குமா? பிடித்ததைச் சொல்லாமல் இருப்பது அடக்கம் என்று நாம் நினைக்கிறோம். சில சமயம் அது நன்றி மறப்பதாகவும் ஆகிவிடுகிறது.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. அதற்கும் தொலைதூரம் போக வேண்டியதில்லை. குற்றாலத்தில் வாழ்ந்த டி. கே. சிதம்பரநாத முதலியாரை நாடு 'ரசிகமணி' என்று அழைத்தது. கவி எழுதிப் பெற்ற பட்டம் அல்ல, கவியை அனுபவித்துப் பெற்ற பட்டம். முத்தொள்ளாயிரத்தைப் பாமரரும் ரசிக்கும்படி எடுத்துச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். கம்பனைப் பண்டிதர்களின் அலமாரியிலிருந்து இறக்கிக் கூடத்துக்குக் கொண்டு வந்தவர். 1954-ல் அவர் மறைந்தார். ரசிகனாக இருப்பதே ஒரு வாழ்க்கைப் பணி என்று காட்டியதற்கு அவருக்கு நிகர் அவரேதான்.

அந்த ரசிகமணிதான், கம்பனுடைய பாடல்கள் என்று வழங்குகிறவற்றில் பெரும் பகுதியை இடைச்செருகல் என்று ஒதுக்கினார். சில இடங்களில் சொற்களையும் திருத்தினார். இப்படித்தான் கம்பன் பாடியிருப்பான் என்று அவர் உள்ளம் சொல்லிற்று. புலவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவருடைய அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த அன்புதான் என்னை அச்சப்படுத்துகிறது. 'எனக்குப் பிடிக்கிறது' என்பது நாளடைவில் 'இதுதான் உயர்ந்தது' ஆகிறது. பிறகு 'இது மட்டுமே உண்மையானது' ஆகிறது. ரசிகன் நீதிபதியாகி, நீதிபதி சொந்தக்காரனாகிவிடுகிறான். அத்தனை பெரிய ரசிகருக்கே இது நேர்ந்தது என்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? 'நான் சினிமாப் பாட்டே கேட்பதில்லை' என்பதில் தொனிக்கிற பெருமைக்கும் வேர் இதுதான்.

கடனில் இன்னொரு பகுதி உண்டு. பாட்டை ரசித்தவன், அதை ஆக்கியவர்களின் பெயரை அறிந்துகொள்ள வேண்டாமா? 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. தீயும் அறிவும் பாடினார்கள். சந்தோஷ் நாராயணன் இசையை உருவாக்கினார். இலங்கைத் தோட்டங்களில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அதற்கு ஆதாரம் என்று அறிவு சொன்னார். கோடிக்கணக்கான தடவை அது ஒலித்தது. கல்யாண வீடுகளில் அதற்கு ஆடாதவர் குறைவு. ஆனால் பாராட்டு யாருக்கு, பெயர் யாருக்கு என்ற வருத்தம் அந்த ஆண்டிலேயே எழுந்தது. 2022-ல் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் அந்தப் பாட்டு மேடையேறியபோது மறுபடியும் எழுந்தது. 2024 மார்ச்சில், அந்தப் பாட்டினால் தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார்.

அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. நான் பார்ப்பது ஆடிய கூட்டத்தை. கோடிப் பேர் மகிழ்ந்தோம். இதில் யாருடைய உழைப்பு எவ்வளவு, அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? நிலத்தை இழந்தவர்களின் நினைவிலிருந்து பிறந்த பாட்டு அது. அதன் விளைச்சலைப் பற்றியே இப்படி ஒரு கேள்வி எழுந்தது என்பது மனத்தை உறுத்துகிறது. 2024-ல் அறிவு தம் பாட்டியின் பெயரையே தொகுப்புக்குத் தலைப்பாக வைத்தார். ரசிகர்கள் கேட்க மறந்த பெயரைக் கலைஞனே எழுதி வைத்துவிட்டான்.

ஆகவே, தாத்தா பாதி சரி, பேரன் பாதி சரி என்பேன். பிள்ளைகளுக்கு ரேங்க் போடக்கூடாது என்பது உண்மை. ஆனால் பிள்ளை எங்கேயோ பசித்திருக்கிறது என்று தெரிந்தால், அதன் பெயரைச் சொல்லித் தெருவெல்லாம் கேட்கக் கூப்பிடுவதில் தவறு என்ன? எண்ணை அழித்துவிடலாம்; பட்டியலை அழிக்க வேண்டாம். 'சிறந்த பத்து' என்பதை 'எனக்குப் பிடித்த பத்து' என்று திருத்திக்கொண்டால் போதும். ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயரை எழுதினால் இன்னும் நல்லது. காசு கொடுத்து வாங்கக்கூடிய இடம் இருந்தால், வாங்கினால் அதைவிட நல்லது.

எண் இல்லாத பட்டியலை யார் படிப்பார்கள் என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சிலர் படிக்காமல் போகலாம். ஆனால் எண்ணைப் பார்த்து வருகிறவன் முதல் பாட்டைக் கேட்டுவிட்டுப் போய்விடுவான். அந்த முதல் பாட்டுக்கு நம் உதவி தேவையே இல்லை. நம்மை நம்பி இருப்பது பத்தாவது பாட்டு. அதைக் கேட்க ஒரே ஒருவரை அழைத்து உட்கார வைத்தாலும், நம் பங்குக் கடனில் கொஞ்சம் அடைந்துவிடும்.